மிதிவண்டி விபத்துக் காயங்களும் சாலைப் பாதுகாப்பும்: காவிரி டெல்டா மாவட்டங்களுக்கான விளக்கம்

அறிமுகம்

தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை ஆகிய டெல்டா மாவட்டங்களில் மிதிவண்டி இன்றும் அன்றாட வாகனமாக உள்ளது. வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சச் செல்லும் விவசாயி, பால் கேன் கட்டிச் செல்பவர், நடவுக்கும் களையெடுப்புக்கும் செல்லும் தொழிலாளர், பக்கத்து ஊர் மேல்நிலைப் பள்ளிக்குச் செல்லும் மாணவ மாணவியர் எனப் பலரும் அதையே நம்பியுள்ளனர். தமிழ்நாடு அரசு 2001-02ஆம் கல்வியாண்டில் ஆதிதிராவிடர், பழங்குடியின மாணவியருக்காகத் தொடங்கிய விலையில்லா மிதிவண்டித் திட்டம், 2005-06ஆம் ஆண்டு முதல் அரசு மற்றும் அரசு உதவி பெறும் பள்ளிகளின் பிற மாணவ மாணவியருக்கும் விரிவுபடுத்தப்பட்டது. இதனால் பதினாறு வயதை ஒட்டிய பிள்ளைகள் பலர் ஆண்டுதோறும் புதிதாகச் சாலைக்கு வருகின்றனர்.

மிதிவண்டி ஓட்டுவது இதயத்திற்கும் நுரையீரலுக்கும் நல்ல உடற்பயிற்சி. ஆயினும் மோதல் நேரும்போது ஓட்டுபவரின் உடலைக் காக்க வண்டியில் எந்த அமைப்பும் இல்லை. உலக சுகாதார நிறுவனம் 2023இல் வெளியிட்ட அறிக்கையின்படி, உலகில் ஆண்டுதோறும் ஏறத்தாழ 11.9 லட்சம் பேர் சாலை விபத்துகளில் உயிரிழக்கின்றனர். அவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் பாதசாரிகள், மிதிவண்டி ஓட்டுவோர், இரு சக்கர மோட்டார் வாகனங்களில் செல்வோர் ஆகியோரே. 5 முதல் 29 வயது வரை உள்ளோரின் இறப்புக்குச் சாலை விபத்தே முதன்மைக் காரணம்.

இக்கட்டுரை முதன்மையாக வலியுறுத்துவது இதுதான்: மிதிவண்டியிலிருந்து விழுந்தவர் எழுந்து நடந்துவிட்டார் என்பதாலேயே அவருக்கு ஒன்றும் இல்லை என்று முடிவு செய்யக் கூடாது. தலைக்குள்ளும் வயிற்றுக்குள்ளும் ஏற்படும் இரத்தக் கசிவு வெளியே தெரிவதற்குச் சில மணி நேரமோ, சில வேளைகளில் ஒரு நாளுக்கும் மேலோ ஆகலாம். அந்த இடைவெளியில் வீட்டார் செலுத்தும் கவனமே உயிரைக் காக்கிறது.

டெல்டா சாலைகளில் விபத்துக்கான சூழல்கள்

இப்பகுதியின் சாலைகள் பாசனத்தோடும் அறுவடையோடும் இணைந்தவை. ஆகவே ஆபத்தும் பருவத்திற்கேற்ப மாறுகிறது.

*ஆற்றங்கரை மற்றும் வாய்க்கால் கரைச் சாலைகள்:* மேட்டூர் அணை வழக்கமாக ஜூன் 12 அன்று பாசனத்திற்குத் திறக்கப்பட்டு ஜனவரி 28 அன்று மூடப்படுகிறது. இக்காலத்தில் வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, அரசலாறு, கல்லணைக் கால்வாய் ஆகியவற்றிலும் அவற்றின் கிளை வாய்க்கால்களிலும் நீர் ஓடும். கரைச் சாலைகள் குறுகலானவை. பல இடங்களில் தடுப்புச் சுவர் இராது. எதிரே வரும் பேருந்துக்கு வழிவிட ஒதுங்குபவர் நிலைதவறி நீரில் விழ நேரிடலாம். அப்போது கழுத்துக் காயமும் நீரில் மூழ்கும் ஆபத்தும் ஒருங்கே ஏற்படுகின்றன.

*சாலையில் உலர்த்தப்படும் நெல்லும் பயறும்:* குறுவை, சம்பா, தாளடி அறுவடைக் காலங்களில் நெல்லும், அதன்பின் உளுந்தும் பச்சைப் பயறும் சாலையில் பரப்பப்படுகின்றன. உருளும் தானியத்தின் மீதும் வழுக்கும் வைக்கோலின் மீதும் மிதிவண்டிச் சக்கரம் பிடிப்பை இழக்கிறது. சாலையின் பாதி அடைபடுவதால், மிதிவண்டி ஓட்டுபவர் நடுச்சாலைக்குத் தள்ளப்படுகிறார். இரவில் தார்ப்பாயால் மூடிய நெற்குவியலும், அதைச் சுற்றி வைத்த கற்களும் அருகில் வரும் வரை கண்ணுக்குத் தெரிவதில்லை.

*அறுவடை வாகனங்கள்:* பின்விளக்கு இல்லாத டிராக்டர் டிரெய்லர், பக்கவாட்டில் பிதுங்கிய வைக்கோல் பாரம், சாலையை அடைத்து நகரும் அறுவடை இயந்திரம், நேரடி நெல் கொள்முதல் நிலையங்களுக்கு அருகே வரிசையாக நிற்கும் லாரிகள் ஆகியவை மிதிவண்டி ஓட்டுபவரின் பார்வையையும் பாதையையும் மறைக்கின்றன.

*மாலை இருளும் பனியும்:* வடகிழக்குப் பருவமழைக் காலமான நவம்பரில் மாலை 6 மணிக்கு முன்னரே சூரியன் மறைந்துவிடுகிறது. சிறப்பு வகுப்பு முடிந்து வீடு திரும்பும் மாணவர்கள் விளக்கில்லாத வண்டியில், மழையில், மோட்டார் வாகனங்களுக்கு நடுவே செல்ல வேண்டியுள்ளது. மார்கழி, தை மாதங்களின் அதிகாலைப் பனியும் இதே ஆபத்தை உண்டாக்குகிறது.

*நெடுஞ்சாலைச் சந்திப்புகள்:* விக்கிரவாண்டியிலிருந்து கும்பகோணம் வழியாகத் தஞ்சாவூர் வரும் சாலையிலும், திருச்சிராப்பள்ளியிலிருந்து தஞ்சாவூர் வழியாக நாகப்பட்டினம் செல்லும் சாலையிலும் வாகனங்கள் விரைவாகச் செல்கின்றன. மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் வரும் வாகனம் ஒரு வினாடியில் ஏறத்தாழ 17 மீட்டர் கடக்கிறது. ஓட்டுநர் உங்களைக் கண்டு பிரேக்கை மிதிக்க ஒன்றரை வினாடி ஆகுமெனில், வேகம் குறையத் தொடங்கும் முன்பே அவ்வாகனம் 25 மீட்டர் நெருங்கியிருக்கும்.

தலைக் காயம்

மிதிவண்டி விபத்து இறப்புகளுக்குத் தலைக் காயமே முதன்மைக் காரணம். மண்டையோட்டிற்கும் மூளை உறைக்கும் இடையே இரத்தம் கசியும்போது, காயமடைந்தவர் சிறிது நேரம் தெளிவாகப் பேசுவார், நடப்பார், உணவும் கேட்பார். இரத்தம் மெல்லச் சேர்ந்து மூளையை அழுத்தியபின் தலைவலி, வாந்தி, மயக்கம் என நிலை விரைவாக மோசமடையும். இந்தத் தெளிவான இடைவேளையை நலம் என்று எண்ணி ஏமாறுவதே பெரும் ஆபத்து. உரிய நேரத்தில் சி.டி. ஸ்கேன் எடுத்து அறுவை சிகிச்சை செய்தால், இத்தகையோரில் பலர் முழுமையாகக் குணமடைகின்றனர்.

முதியோரிடம் இக்கசிவு இன்னும் மெதுவாக நிகழலாம். சிறிய அடிபட்டு இரண்டு மூன்று வாரங்களுக்குப் பின் தடுமாற்றம், மறதி, ஒரு பக்கக் கை கால் தளர்ச்சி ஆகியவை தோன்றினால் அவை முதுமையால் வந்தவை என்று விட்டுவிடாமல் மருத்துவரை அணுக வேண்டும். இதய நோய்க்காக ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல், வார்ஃபரின் போன்ற மாத்திரைகளை உட்கொள்வோர், தலையில் எவ்வளவு சிறிய அடி பட்டாலும் மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

விழுந்து கிடப்பவர் குழறிப் பேசினால் மது அருந்தியவர் என்று கருதி விலகிச் செல்லாதீர்கள். மது அருந்தியவருக்கும் மூளையில் இரத்தம் கசியலாம். தலைக் காயத்திலும் பேச்சு குழறும்.

வயிற்றில் கைப்பிடி குத்துதல்

குழந்தைகளிடம் காணப்படும் இக்காயம் எளிதில் தவறவிடப்படுகிறது. வண்டி சரியும்போது முன்சக்கரம் திரும்பி, கைப்பிடியின் முனை மேல்வயிற்றில் குத்துகிறது. விழுகையின் விசை முழுவதும் ஒரு நாணய அளவுள்ள இடத்தில் இறங்குகிறது. கணையமும் முன்சிறுகுடலும் முதுகெலும்புக்கு முன்னால் அமைந்திருப்பதால், அவை இரண்டுக்கும் நடுவே நசுங்குகின்றன. கல்லீரல், மண்ணீரல், குடல் ஆகியவையும் கிழியலாம்.

வெளியே வட்டமான சிறு சிராய்ப்போ கன்றிய தடமோ மட்டுமே இருக்கும். சில குழந்தைகளிடம் அதுவும் இராது. பள்ளிக்குப் பயந்தோ, வண்டியை உடைத்ததற்குத் திட்டு விழும் என்று அஞ்சியோ குழந்தை நடந்ததை மறைக்கக்கூடும். ஆகவே விழுந்த குழந்தையைக் கண்டிப்பதற்கு முன், சட்டையை விலக்கி வயிற்றைப் பாருங்கள். “கைப்பிடி எங்கே பட்டது?” என்று கேளுங்கள். மேல்வயிற்றில் தடம் இருந்தால், வலி குறைவாக இருப்பினும் அன்றே மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

கை, கால், இடுப்புக் காயங்கள்

*கை எலும்பு முறிவு:* விழும்போது கையை ஊன்றுவது இயல்பு. இதனால் மணிக்கட்டு எலும்பும் தோள்பட்டைக் காறை எலும்பும் முறிகின்றன. குழந்தைகளிடம் முழங்கைக்குச் சற்று மேலே ஏற்படும் முறிவு கவனத்திற்குரியது. அங்கே கைக்குச் செல்லும் முதன்மை இரத்தக் குழாயும் நரம்புகளும் எலும்பை ஒட்டிச் செல்கின்றன. வீங்கிய கையின் மீது மூங்கில் பட்டையும் துணியும் வைத்து இறுக்கிக் கட்டினால் இரத்த ஓட்டம் தடைபட்டு, விரல்கள் நிரந்தரமாக மடங்கிப் போகலாம். கையை இழக்கவும் நேரிடலாம். நாட்டுக் கட்டு போடும் வழக்கம் உள்ள குடும்பத்தினரும் முதலில் எக்ஸ்ரே எடுத்து, மருத்துவரிடம் இரத்த ஓட்டத்தைச் சோதித்துக்கொள்ள வேண்டும். மாவுக்கட்டு போட்ட பின்னும் வலி கூடினாலோ, விரல்கள் நீலநிறமாகி மரத்துப்போனாலோ, இரவு நேரமாயினும் உடனே மருத்துவமனைக்குத் திரும்ப வேண்டும்.

*சக்கரத்தில் கால் சிக்குதல்:* பின்னால் கேரியரில் அமரும் சிறு குழந்தையின் குதிகால், சுழலும் போக்ஸ் கம்பிகளுக்கும் வண்டிச் சட்டத்திற்கும் இடையே சிக்கிக்கொள்கிறது. கம்பி தோலை வெட்டுவதுடன் அடியிலுள்ள திசுவையும் நசுக்குகிறது. முதல் நாள் சிறிய வெட்டாகத் தோன்றிய இடத்தில், சில நாட்களில் தோல் கருகி உதிர்ந்து, தோல் ஒட்டு அறுவை சிகிச்சை தேவைப்படலாம். சிக்கிய காலை இழுக்கக் கூடாது. சக்கரத்தை மெதுவாகப் பின்னோக்கிச் சுழற்றியோ, கம்பிகளை வெட்டியோ காலை விடுவிக்க வேண்டும்.

*நடுக்கம்பியில் விழுதல்:* கால்களுக்கு இடையே நடுக்கம்பி மோதினால் சிறுநீர்க் குழாய் கிழியலாம். சிறுநீர் வெளியேறாமை, சிறுநீர்த் துவாரத்தில் இரத்தம், அப்பகுதியில் வீக்கம் ஆகியவை இதன் அறிகுறிகள். வளரிளம் பருவத்தினர் வெட்கத்தால் இதைச் சொல்லாமல் விடுவதுண்டு. பெற்றோர் தனியே அழைத்து மென்மையாகக் கேட்க வேண்டும்.

பல், தோல் காயங்கள்

நிலைப்பல் வேரோடு விழுந்துவிட்டால், வேர்ப்பகுதியைத் தொடாமல் மேற்பகுதியைப் பிடித்து எடுத்து, பாலில் போட்டு, ஒரு மணி நேரத்திற்குள் பல் மருத்துவரிடம் செல்ல வேண்டும். அப்பல்லை மீண்டும் பொருத்த இயலும். விழுந்தது பால்பல் எனில் அதை மீண்டும் பொருத்துவதில்லை.

சிராய்ப்புகளையும் வெட்டுகளையும் ஓடும் தூய நீரில் குறைந்தது 5 நிமிடங்கள் கழுவுங்கள். மஞ்சள் தூள், காப்பித் தூள், சுண்ணாம்பு, சாணம் எதையும் வைக்காதீர்கள். வயல் மண்ணிலும் மாட்டுச் சாணத்திலும் டெட்டனஸ் கிருமியின் நுண்விதைகள் உள்ளன. தேசிய தடுப்பூசி அட்டவணைப்படி 10 வயதிலும் 16 வயதிலும் டி.டி. தடுப்பூசி போடப்படுகிறது. மண் படிந்த காயம் ஏற்பட்டு, கடைசித் தடுப்பூசி போட்டு 5 ஆண்டுகளுக்கு மேலாகியிருந்தால் அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் மீண்டும் போட்டுக்கொள்ள வேண்டும்.

உடனே மருத்துவமனை செல்ல வேண்டிய அறிகுறிகள்

கீழ்க்காண்பவற்றுள் ஒன்று இருந்தாலும் 108 எண்ணை அழைக்கவும்.

- ஒரு கணமேனும் நினைவிழந்தது. விபத்து நினைவில் இல்லாதது
- மீண்டும் மீண்டும் வாந்தி, கூடிக்கொண்டே செல்லும் தலைவலி
- வழக்கத்திற்கு மாறான தூக்கம், எழுப்ப இயலாமை, குழப்பமான பேச்சு, வலிப்பு
- மூக்கு அல்லது காது வழியே இரத்தமோ தெளிந்த நீரோ வடிதல்
- கண்மணிகளின் அளவு வேறுபடுதல், கை கால் தளர்ச்சி
- கழுத்து வலி, கை கால் மரத்துப்போதல்
- கூடும் வயிற்று வலி, வயிறு விறைத்தல், பச்சை நிற வாந்தி, இடது தோளில் வலி
- சிறுநீரில் இரத்தம்
- உடல் வெளிறி வியர்த்தல், மூச்சுத் திணறல், நிற்காத இரத்தப்போக்கு

இவை எதுவும் இல்லையெனினும், தலையிலோ வயிற்றிலோ அடிபட்டவரை முதல் 24 மணி நேரம் தனியே விடக் கூடாது. இரவில் அவர் உறங்கலாம். ஆனால் இரண்டு மணி நேரத்திற்கு ஒருமுறை எழுப்பி, பெயரும் ஊரும் கேட்டுத் தெளிவாகப் பதில் சொல்கிறாரா என்று பார்க்க வேண்டும். வயிற்றில் அடிபட்டவரை அடுத்த இரண்டு மூன்று நாட்களுக்கும் கவனித்து வர வேண்டும்.

விபத்து நடந்த இடத்தில் முதலுதவி

1. முதலில் பின்னால் வரும் வாகனங்களை நிறுத்துங்கள். காயமடைந்தவருடன் நீங்களும் அடிபடக் கூடாது.
2. 108 எண்ணை அழைத்து, ஊரின் பெயருடன் பாலம், மதகு, கோயில், கொள்முதல் நிலையம் போன்ற அடையாளத்தையும் சொல்லுங்கள்.
3. நினைவின்றிக் கிடப்பவர் மூச்சு விடுகிறாரா என்று பாருங்கள். தலையும் கழுத்தும் உடலும் ஒரே நேர்க்கோட்டில் இருக்குமாறு, இருவர் மூவர் சேர்ந்து பக்கவாட்டில் திருப்புங்கள். வாயில் உள்ள இரத்தமும் வாந்தியும் வெளியேறட்டும்.
4. இரத்தம் வடியும் இடத்தில் தூய துணியை வைத்து, விடாமல் அழுத்திப் பிடியுங்கள். உடலில் குத்தி நிற்கும் பொருளைப் பிடுங்காதீர்கள்.
5. முறிந்த கை அல்லது காலை அது இருக்கும் நிலையிலேயே அட்டையோ மரப்பட்டையோ வைத்துத் தளர்வாகக் கட்டுங்கள்.
6. சோடா, தண்ணீர், காப்பி எதையும் குடிக்கக் கொடுக்காதீர்கள். நினைவிழந்தவருக்கு அது மூச்சுக்குழலை அடைக்கும். அறுவை சிகிச்சையையும் தாமதப்படுத்தும்.
7. பலத்த காயமடைந்தவரை மோட்டார் சைக்கிளில் இருவருக்கு நடுவே உட்கார வைத்துக் கொண்டுசெல்லாதீர்கள். கழுத்தெலும்பு முறிந்திருந்தால், அப்பயணமே தண்டுவடத்தை அறுத்துவிடும்.

சட்டப் பாதுகாப்பும் அரசு உதவியும்

உதவினால் காவல் நிலையம், நீதிமன்றம் என அலைய நேரிடும் என்ற அச்சம் வேண்டாம். உதவி செய்வோரைக் காக்கும் வழிகாட்டுதல்களை உச்ச நீதிமன்றம் 2016 மார்ச் 30 அன்று உறுதி செய்தது. 2019ஆம் ஆண்டு திருத்தத்தின் வழியே மோட்டார் வாகனச் சட்டத்தில் 134ஏ பிரிவும் சேர்க்கப்பட்டது. மருத்துவமனையில் சேர்ப்பவர் தம் பெயரைச் சொல்லக் கட்டாயமில்லை. அவரிடம் சிகிச்சைக் கட்டணம் கேட்கவும் கூடாது.

தமிழ்நாடு அரசு 2021 டிசம்பர் 18 அன்று மேல்மருவத்தூரில் தொடங்கிய “இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48” திட்டத்தின்கீழ், மாநில எல்லைக்குள் சாலை விபத்தில் காயமடைவோருக்கு, முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இல்லாவிடினும், எந்த மாநிலத்தவராயினும், முதல் 48 மணி நேரச் சிகிச்சை பதிவு பெற்ற அரசு மற்றும் தனியார் மருத்துவமனைகளில் கட்டணமின்றி அளிக்கப்படுகிறது.

மோதிய மோட்டார் வாகனம் நிற்காமல் சென்று அடையாளம் தெரியாமல் போனால், 2022 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள மத்திய அரசுத் திட்டப்படி உயிரிழப்புக்கு 2 லட்சம் ரூபாயும், கொடுங்காயத்திற்கு 50,000 ரூபாயும் இழப்பீடு உண்டு. இதற்காகக் காவல் நிலையத்தில் புகார் பதிவு செய்து, மருத்துவமனையின் விபத்துப் பதிவேட்டு நகலைப் பெற்றுப் பாதுகாத்து வைக்க வேண்டும்.

தடுக்கும் வழிகள்

*தலைக்கவசம்:* மிதிவண்டிக்குத் தலைக்கவசம் சட்டப்படி கட்டாயமில்லை. ஆயினும் காயமடைந்த 64,000க்கும் மேற்பட்ட மிதிவண்டி ஓட்டுநர்களைப் பற்றிய 40 ஆய்வுகளைத் தொகுத்து 2016இல் வெளியான ஆராய்ச்சி, தலைக்கவசம் அணிந்தோரிடம் தலைக் காயம் ஏறத்தாழ பாதியாகவும், கடும் தலைக் காயம் மூன்றில் ஒரு பங்காகவும் குறைந்திருந்ததைக் காட்டியது. புருவத்திற்கு மேல் இரண்டு விரல் அகலத்தில் கவசம் அமர வேண்டும். தாடைப் பட்டைக்குள் இரண்டு விரல் மட்டுமே நுழைய வேண்டும். ஒருமுறை அடிபட்ட கவசத்தை மாற்றிவிடுங்கள்.

*விளக்கும் ஒளிரும் பட்டையும்:* முன்னால் வெள்ளை விளக்கு, பின்னால் சிவப்பு விளக்கு அல்லது ஒளிர்வில்லை இருக்க வேண்டும். பின் மட்கார்டிலும் புத்தகப் பையிலும் ஒளிரும் பட்டை ஒட்டுவதற்குச் சிறிது பணமே செலவாகும். மாலையில் வெளிர்நிற உடை அணியுங்கள்.

*வண்டிப் பராமரிப்பு:* வாரம் ஒருமுறை இரு பிரேக்குகளையும் மணியையும் டயர் காற்றையும் செயினையும் சரிபாருங்கள். மழையில் நனைந்த பிரேக் கட்டைகள் தாமதமாகவே பிடிக்கும். கைப்பிடி முனையின் ரப்பர் உறை கழன்றிருந்தால் உடனே மாற்றுங்கள். உறையற்ற இரும்புக் குழாய் வயிற்றில் கத்திபோல் இறங்கும். ஓட்டுபவரின் உயரத்திற்கு இருக்கையைச் சரிசெய்யுங்கள்.

*ஓட்டும் முறை:* இடப்புறமாக, ஒருவர் பின் ஒருவராகச் செல்லுங்கள். திரும்பும் முன் பின்னால் பார்த்துக் கைச்சைகை காட்டுங்கள். பிரதான சாலையில் ஏறும் முன் வண்டியை நிறுத்திப் பாருங்கள். செல்பேசியும் காது ஒலிப்பானும் வேண்டாம். துப்பட்டா, சேலை முந்தானை, வேட்டி நுனி ஆகியவை சக்கரத்தில் சிக்காதவாறு செருகிக்கொள்ளுங்கள். தானியம் பரப்பிய இடத்திலும் தடுப்பற்ற கரையிலும் இறங்கித் தள்ளிச் செல்லுங்கள்.

*சிறு குழந்தைகள்:* பின்சக்கரத்திற்கு வலைத் தடுப்பும், கால் வைக்கப் படியும் இல்லாத வண்டியில் குழந்தையைக் கேரியரில் அமர்த்தக் கூடாது.

*விவசாயிகளும் வாகன ஓட்டுநர்களும்:* தானியத்தை உலர்களத்தில் உலர்த்துங்கள். வேறு வழியின்றிச் சாலையைப் பயன்படுத்தினாலும், மாலைக்குள் கற்களை அகற்றி, குவியலைச் சாலையை விட்டு அப்புறப்படுத்துங்கள். டிரெய்லரின் பின்புறம் சிவப்பு ஒளிரும் பட்டை ஒட்டுங்கள். மிதிவண்டியைக் கடக்கும்போது கைக்கெட்டாத அளவு இடைவெளி விடுங்கள். குறுகிய பாலத்தில் அது கடந்து முடியும் வரை பின்னால் காத்திருங்கள்.

நினைவில் கொள்க

விழுந்தவர் எழுந்து நின்றதும் நாம் வண்டியின் வளைவைப் பார்க்கிறோம். முதலில் பார்க்க வேண்டியவை அவருடைய தலையும் வயிறும். 24 மணி நேரம் கூடவே இருங்கள். ஐயம் எழுந்தால் காலை வரை காத்திராமல் 108 எண்ணை அழையுங்கள். மருத்துவ ஆலோசனைக்கு 104 எண்ணைத் தொடர்புகொள்ளலாம். இக்கட்டுரை பொதுத் தகவலுக்கானது. மருத்துவரின் நேரடிப் பரிசோதனைக்கு மாற்றாகாது.